நிஜமா, சும்மாவா

நூற்று நாற்பது அட்டைகள். ஒரு பக்கம் படம், மறுபக்கம் பொருள். சிவசங்கரி தானே வரைந்து லேமினேட் செய்தவை. தலையில் ஐஸ் கட்டியோடு ஒரு ஆள். காதில் பூ வைத்த ஆள். வயிற்றுக்குள் நெருப்பு எரியும் பெண். பூவிழி அத்தனையையும் மூன்று மாதத்தில் மனப்பாடம் செய்தாள். அவளுக்குப் பதினொரு வயது. படத்தைக் காட்டினால் பொருளைச் சொன்னாள். எண்ணைச் சொன்னாலும் சொன்னாள்.

"எழுபத்தாறு?"

"காது குத்தறது. பொய் சொல்லி ஏமாத்தறது."

அட்டைக்கு வெளியே அது உதவவில்லை. ஜூன் மாதம், ஆறாம் வகுப்பில், துர்கா மிஸ் அவளிடம் ஒரு வேலை சொன்னாள். நாளைக்கு வரைபடத் தாள் கொண்டுவர வேண்டும், பக்கத்தில் இருப்பவள் காதிலும் போட்டுவிடு என்றாள். பூவிழி அதைத் துண்டுத் தாளில் எழுதினாள். சுருட்டினாள். பக்கத்துப் பெண்ணின் காதில் போட்டாள். ஆழமாகவே போட்டாள். ஆஸ்பத்திரியில்தான் எடுக்க முடிந்தது.

தலைமை ஆசிரியர் இராமதாஸ் பூவிழியின் அம்மாவைக் கூப்பிட்டனுப்பினார்.

"இன்னொரு தடவ இப்படி ஏதாவது நடந்துச்சுன்னா நீங்களே டி.சி. வாங்கிக்கிட்டுப் போயிடுங்கம்மா. நான் அனுப்பினதா இருக்க வேணாம்."

அம்மா தாமரைச்செல்வி சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் மருந்து பாட்டில்களுக்கு மூடி போடுகிறாள். காலை எட்டு மணிக்கு கருவடிக்குப்பத்தில் கம்பெனி வேன் ஏறினால் மாலை ஐந்தரைக்கு இறங்குவாள். புருஷன் லாரி ஓட்டுகிறான். மாதத்தில் இரண்டு நாள் வீட்டில் இருப்பான். வேறு யாரும் இல்லை. பூவிழி நான்கு மணி வரை பள்ளியில் இருப்பாள். நாலே காலுக்குச் சிவசங்கரியின் மையத்துக்கு வருவாள். ஐந்தே முக்காலுக்கு அம்மா வந்து கூட்டிப்போவாள்.

"பள்ளிக்கூடம் இல்லன்னா எனக்கு வேல இல்ல டீச்சர்" என்றாள் தாமரைச்செல்வி. "வேல இல்லன்னா இங்கியும் கூட்டியார முடியாது. பாத்துக்குங்க."

சிவசங்கரி பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

மையம் முத்தியால்பேட்டையில், ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறைகள். சிவசங்கரி அங்கே ஏழு வருடமாக வேலை செய்கிறாள். கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் பிள்ளைக்கு ஆட்டிசம் என்று சான்றிதழ் வாங்கிக்கொண்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் வருகிறவர்கள் அவளிடம் வருகிறார்கள். அவளும் அட்டைகளை எடுத்து வைக்கிறாள்.

அன்று இரவு அட்டைகளை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். நூற்று நாற்பது போதாது. ஆயிரம் வரைந்தாலும் போதாது. ஒரு தெருவில் இருக்கிறவர்கள் ஒரு நாளில் பேசுவதை வரைந்து முடிக்க முடியாது.

சென்னையில் மூன்று நாள் பயிற்சிக்குப் போனபோது ஒரு வீடியோ காட்டினார்கள். அதில் ஒரு பிள்ளை, புரியாதபோது, எதிரில் இருப்பவரிடமே கேட்டது. நீங்கள் சொல்வது நிஜமா, பேச்சுக்கா? கேட்கப்பட்டவர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். அத்தனை சொற்றொடர்களையும் கற்றுத் தருவதற்குப் பதில் ஒரே ஒரு கேள்வி. சிவசங்கரிக்கு அது சரி என்று பட்டது.

மறுநாளே ஆரம்பித்தாள். தரையில் எதிரெதிராக உட்கார்ந்தார்கள்.

"பசியில உயிர் போகுது."

"நிஜமா, சும்மாவா?"

"சும்மா. நல்லா பசிக்குது, அவ்வளவுதான். அந்த ஜன்னல மூடு."

"நிஜமா, சும்மாவா?"

"நிஜம்."

பூவிழி எழுந்து ஜன்னலை மூடினாள்.

ஒரு நாளைக்கு இருபது வாக்கியம். முதலில் எல்லாவற்றுக்கும் கேட்டாள். உன் பெயர் என்ன என்றால்கூடக் கேட்டாள். பிறகு, சொன்னது விநோதமாக இருந்தால் மட்டும் கேட்டாள். ஆகஸ்ட் கடைசியில் பத்துக்கு எட்டு முறை சரியான இடத்தில் கேட்டாள். சிவசங்கரி நோட்டில் குறித்தாள். ஏழு வருடத்தில் அவள் குறித்த எண்களில் அதுதான் பெரியது.

ஒரே ஒரு விதி வைத்தாள். மையத்தில் உள்ளவர்களிடமும் தாமரைச்செல்வியிடமும் அதைச் சொன்னாள். இவள் கேட்டால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். விளையாட்டுக்குக்கூட மாற்றிச் சொல்லக் கூடாது.

செப்டம்பரில் ஒரு நாள் தாமரைச்செல்வி படியேறி வரும்போதே பேசிக்கொண்டு வந்தாள்.

"நேத்து பால கொட்டிட்டா டீச்சர். வந்த கோவத்துல, முதுகுத் தோல உரிச்சிடுவேன்டின்னு கத்திட்டேன். நிமிந்து நின்னு என்னிய பாத்து, நிஜமா சும்மாவான்னு கேக்கறா. இன்னா பண்ணுவ? சிரிப்பு வந்துடுச்சு. சும்மாடின்னேன். சரின்னுட்டு துணி எடுத்தாந்து தொடைக்கறா."

"முன்னாடின்னா?"

"முன்னாடியா? கட்டிலுக்கு அடியில பூந்துக்குவா. நான் அரை நாளு தரையில படுத்துக்கினு அவகிட்ட பேசணும்."

அவள் சிரித்தாள். இரண்டு வருடத்தில் அவள் சிரித்து சிவசங்கரி பார்த்ததில்லை. முன்பல் ஒன்று ஓரத்தில் உடைந்திருந்தது.

"அவங்க அப்பா போன்ல, இந்தத் தடவ வரும்போது உனக்கு உலகத்தையே வாங்கியாரேன்னாரு. இவ விடுவாளா? நிஜமா சும்மாவா. அவரு பாசத்துல, நிஜமாத்தான்டா செல்லம்னுட்டாரு."

"அப்புறம்?"

"வூட்டுல எங்க வைக்கறதுன்னு இடம் பாத்துக்கினு இருக்கறா."

சிவசங்கரியும் சிரித்துவிட்டாள். பிறகு, அப்பாவிடம் பேச வேண்டும் என்று நோட்டில் எழுதினாள். பேசவில்லை. அவனை எப்போது அழைத்தாலும் ஏதோ ஒரு நெடுஞ்சாலையில் இருந்தான்.

பள்ளிக்கும் போனாள். வகுப்பு மாறும் நேரத்தில், அறைக்கு வெளியே நடையில் துர்கா மிஸ்ஸைப் பிடித்தாள். ஐந்து நிமிடம் கிடைத்தது. இந்தப் பெண் இப்படி ஒரு கேள்வி கேட்பாள், கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்லுங்கள் என்றாள். துர்கா கையில் இரண்டு கட்டு நோட்டுகள் இருந்தன.

"சரி மேடம். ஆனா அம்பத்திரண்டு பேரு இருக்காங்க. முடிஞ்ச வரைக்கும் பாக்கறேன்."

பார்க்கத்தான் செய்தாள். முதல் மூன்று வாரம் பூவிழிக்குப் பொறுமையாகப் பதில் சொன்னாள். மற்ற ஐம்பத்தொரு பேரும் அதைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் கடைசி பெஞ்சில் ஒருத்தி கேட்டாள். பேசினால் கொன்றுவிடுவேன் என்று துர்கா சொன்னபோது, நிஜமா சும்மாவா மிஸ் என்றாள். வகுப்பு சிரித்தது. மறுநாள் நான்கு பேர் கேட்டார்கள். ஒரு வாரத்தில் அது பாட்டுப் போல ஆகிவிட்டது. நோட்டை எடுங்கள் என்றால் நிஜமா சும்மாவா. நாளைக்குப் பரீட்சை என்றால் நிஜமா சும்மாவா. பக்கத்து வகுப்பு வரை கேட்டது. தலைமை ஆசிரியர் துர்காவைக் கூப்பிட்டு, உங்க கிளாஸ்ல மட்டும் என்ன சந்தக்கடை என்று கேட்டார்.

அது அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை. தலைமை ஆசிரியரின் அறையிலிருந்து துர்கா நேராக வகுப்புக்கு வந்தாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய பீரியட். புத்தகத்தைத் திறக்கச் சொன்னாள். பாட்டு ஆரம்பித்தது.

"யார்டி இத ஆரம்பிச்சது?"

பூவிழி எழுந்தாள்.

"நான் மிஸ்."

அது உண்மை. வேறு யாராவது என்றால் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"நீயா? உன்னாலதான் இவ்வளவும். எங்கியாவது போய்த் தொல. நிம்மதியா இருப்பேன்."

"நிஜமா, சும்மாவா?"

இந்த முறை வகுப்பு சிரிக்கவில்லை. அதைப் பிறகு அந்த வகுப்புப் பெண் ஒருத்தி சிவசங்கரியிடம் சொன்னாள். மிஸ் முகம் அப்படி இருந்தது என்றாள்.

"நிஜமாத்தான். போடி."

பூவிழி பென்சிலை டப்பாவில் வைத்து மூடினாள். டப்பாவைப் பையில் வைத்தாள். பையை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். நடையில் நிற்பாள் என்று துர்கா நினைத்தாள். பாடத்தைத் தொடர்ந்தாள். வாசலில் காவலாளி எங்கே என்று கேட்டான். மிஸ் போகச் சொன்னாங்க என்றாள் பூவிழி. அவன் கேட்டைத் திறந்தான்.

நாலே காலுக்கு அவள் மையத்துக்கு வரவில்லை. நாலரைக்குச் சிவசங்கரி பள்ளிக்குப் போன் செய்தாள். எல்லாரும் போய்விட்டார்கள் என்றார்கள். அவள் இறங்கி நடந்தாள். பள்ளி வரை போனாள். மணிக்கூண்டு வரை போனாள். பூவிழிக்கு முத்தியால்பேட்டையின் எல்லாத் தெருவும் தெரியும், எந்தத் தெருவில் எத்தனை மின்கம்பம் என்பதுகூடத் தெரியும், அவள் வழி தவறமாட்டாள் என்று தனக்கே சொல்லிக்கொண்டு நடந்தாள்.

ஐந்தரைக்குத் தாமரைச்செல்விக்குப் போன் வந்தது. கனகசெட்டிகுளத்திலிருந்து. காலாப்பட்டு தாண்டி, புதுச்சேரி முடிகிற இடம்.

கருவாடு காயப்போடும் ஒரு பெண்தான் அவளைப் பார்த்திருக்கிறாள். கரையில் ஏற்றி வைத்த ஒரு படகின் நிழலில், பையை மடியில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்திருந்தாளாம்.

"யார் வூட்டுப் பொண்ணு நீ?"

"நான் தொலஞ்சிட்டேன்."

"ஏன்டி, தொலஞ்ச புள்ள அழுவாதா? யாருகூட வந்த?"

"யாரும் இல்ல. எங்க ஊருல எல்லா எடமும் எனக்குத் தெரியும். தெரியாத எடத்துக்கு வந்தாத்தான் தொலைய முடியும்."

மணிக்கூண்டில் பஸ் ஏறியிருக்கிறாள். சீருடையில் இருந்ததால் கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லை. காலாப்பட்டு வரை அவளுக்கு ஏற்கெனவே தெரியும். அதனால் கடைசி நிறுத்தம் வரை போயிருக்கிறாள். அந்தப் பெண் அடையாள அட்டையில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தாள். பிள்ளைக்கு வறுத்த மீன் ஒன்று கொடுத்தாள். போலீஸ் வந்தது. பள்ளியிலும் வந்து எழுதி வாங்கிக்கொண்டு போனது.

மறுநாள் தாமரைச்செல்வி வேலைக்குப் போகவில்லை. பூவிழியோடு மையத்துக்கு வந்தாள். பூவிழி அடுத்த அறையில் மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் அவள திட்டல டீச்சர். இன்னா சொல்லித் திட்டறது? கேட்டா உண்மையச் சொல்லுவாங்கன்னு நம்மதான் சொல்லிக் குடுத்தோம். கேட்டா. அந்தம்மா சொல்லிச்சு. இவ போய்ட்டா."

சிவசங்கரியும் இந்த ஊரில்தான் படித்தாள். பன்னிரண்டு வருடத்தில் ஒரு டீச்சரைப் பார்த்து, நீங்கள் சொல்வது உண்மையா என்று கேட்டதில்லை. யாரும் கேட்டதில்லை. கேட்டால் எதிர்த்துப் பேசுவது என்று பெயர். கோபம் வரும். கோபத்தில் இருக்கிறவரிடம் நிஜமா என்றால், நிஜம் என்றுதான் சொல்வார். அவளுக்கு அது தெரியாததில்லை. தரையில் எதிரெதிராக உட்கார்ந்து, சிரித்த முகத்தோடு, நான்கு மாதம் பதில் சொல்லிப் பழக்கியவள் அவள்தான். கோபமாக ஒரு முறைகூடப் பதில் சொன்னதில்லை.

வியாழக்கிழமை இராமதாஸ் தன் அறையில் சிவசங்கரியையும் தாமரைச்செல்வியையும் உட்காரச் சொன்னார். கெட்டவர் இல்லை. இரண்டு நாள் தூங்காத முகம். துர்கா ஓரமாக நின்றாள்.

"பொண்ணுக்கு ஏதாவது ஆயிருந்தா நான் இன்னிக்கு உள்ள இருப்பேன்" என்றார். "துர்கா டீச்சர் ரெண்டு நாளா சாப்பிடல."

"வார்த்த வந்துடுச்சு மேடம்" என்றாள் துர்கா. சிவசங்கரியைப் பார்க்கவில்லை. "எல்லாருக்கும் சொல்றதுதான். யாரு போவாங்க?"

"சார், இந்த மாதிரிப் பிள்ளைங்கள வெளிய அனுப்பக் கூடாதுன்னு சட்டம் இருக்கு" என்றாள் சிவசங்கரி.

"எனக்கும் தெரியும். நான் அனுப்பல. ஒண்ணு பண்ணலாம். திங்கக்கிழம வரட்டும். டீச்சர்கிட்ட மன்னிப்புக் கேக்கட்டும். இனிமே அந்தக் கேள்விய கேக்க மாட்டேன்னு சொல்லட்டும். அது போதும். மத்த பிள்ளைங்களும் அடங்குவாங்க. அரையாண்டு வரைக்கும் வச்சுப் பாக்கறேன்."

"மன்னிப்புக் கேக்க வேண்டியது..."

மேசைக்கு அடியில் தாமரைச்செல்வி அவள் முழங்கையை அழுத்தினாள்.

"சொல்லுவா சார்" என்றாள் தாமரைச்செல்வி. "டீச்சர் சொல்லிக் குடுத்துடுவாங்க. எது சொல்லிக் குடுத்தாலும் கத்துக்குவா."

நான்கு நாள் இருந்தது. சிவசங்கரி அன்று மாலையே ஆரம்பித்தாள், ஞாயிற்றுக்கிழமையும் மையத்தைத் திறந்தாள்.

"நான் தப்பு பண்ணல" என்றாள் பூவிழி.

"தெரியும். தப்பு பண்ணலன்னாலும் மன்னிப்பு கேக்கறது உண்டு."

"அது பொய்யா?"

"பொய் இல்ல."

"அப்ப?"

"மரியாத."

பூவிழி அதை யோசித்தாள். யோசிக்கும்போது அவள் கட்டை விரலால் மற்ற விரல்களை வரிசையாகத் தொடுவாள். இரண்டு முறை தொட்டு முடித்தாள்.

"சொன்னா ஸ்கூலுக்குப் போலாமா?"

"போலாம்."

"நிஜமா, சும்மாவா?"

சிவசங்கரிக்குத் தெரியாது. அரையாண்டு வரை என்றுதான் அவர் சொன்னார். அதற்குப் பிறகு என்ன என்று சொல்லவில்லை.

"நிஜம்" என்றாள்.

வாக்கியத்தை மூன்று துண்டாகப் பிரித்தாள். மன்னிச்சிடுங்க மிஸ். இனிமே அந்தக் கேள்விய கேக்க மாட்டேன். நல்லா படிப்பேன். முதல் நாளே பூவிழி சொல்லிவிட்டாள். இரண்டாவது துண்டில் மட்டும் நின்றாள்.

"இனிமேன்னா எது வரைக்கும்?"

"எப்பவும்."

"மிஸ்கிட்ட மட்டுமா? யார்கிட்டயுமா?"

பள்ளியில் கேட்காதே, வீட்டில் கேள் என்று சொல்லியிருக்கலாம். சிவசங்கரி அதை நினைத்துப் பார்த்தாள். ஒரு விதிக்கு விலக்கு வைத்தால் பூவிழி விலக்கைத் தேடுவாள். நடை பள்ளியா, வாசல் பள்ளியா என்று பார்ப்பாள். ஒரு நாள் வகுப்பில் கேட்டுவிடுவாள். இன்னொரு தடவை என்பது கிடையாது.

"யார்கிட்டயும்" என்றாள். "அம்மாகிட்டயும் இல்ல. எங்கிட்டயும் இல்ல."

"சரி" என்றாள் பூவிழி.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் சிவசங்கரி சோதித்தாள். பசியில் உயிர் போகிறது என்றாள். பூவிழி அவளைப் பார்த்தாள். உதடு பிரிந்தது. மூடிக்கொண்டது. கட்டை விரல் மற்ற விரல்களைத் தொட ஆரம்பித்தது. கேட்கவில்லை. இருபதுக்கு இருபது. சிவசங்கரி அதை நோட்டில் குறிக்கவில்லை.

திங்கள் காலை ஒன்பதரை. இராமதாஸின் அறையில் துர்கா, தாமரைச்செல்வி, சிவசங்கரி. வகுப்பிலிருந்து இரண்டு பெண்களை வரவழைத்து வாசலருகே நிறுத்தியிருந்தார்கள். மற்றவர்களுக்குப் போய்ச் சொல்லட்டும் என்று. பூவிழிக்குத் தாமரைச்செல்வி தலை பின்னி, ரிப்பனை இறுக்கி முடித்திருந்தாள். சீருடை மடிப்புக் கலையாமல் இருந்தது.

பூவிழி மேசைக்கு முன்னால் நின்றாள்.

"மன்னிச்சிடுங்க மிஸ். இனிமே அந்தக் கேள்விய கேக்க மாட்டேன். நல்லா படிப்பேன்."

பிழை இல்லை. குரல் சரியான அளவில் இருந்தது. துர்காவின் கண் நிறைந்தது. அவள் முன்னால் வந்து பூவிழியின் தோளைத் தொட்டாள்.

"பரவால்லம்மா. எனக்குக் கோவமே இல்ல."

"அவ்வளவுதான்" என்றார் இராமதாஸ். "முடிஞ்சுது. கிளாஸுக்குப் போ."

பூவிழி நகரவில்லை.

"போம்மா" என்றாள் துர்கா.

அதே மிஸ். அதே சொல். போன செவ்வாய்க்கிழமை அந்தச் சொல்லுக்குப் போனதால்தான் போலீஸ் வந்தது, அம்மா தரையில் உட்கார்ந்து அழுதாள், இந்த அறையில் இன்று எல்லாரும் நிற்கிறார்கள். போக வேண்டுமா, வேண்டாமா என்பதை அறிய அவளிடம் ஒரே ஒரு வழிதான் இருந்தது. அதை இப்போதுதான் விட்டுக்கொடுத்தாள்.

வாய் திறந்தது. மூடியது. விரல்கள் ஓடத் தொடங்கின.

"என்ன, போகச் சொல்றாங்க இல்ல?" என்றார் இராமதாஸ். கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். அவ்வளவுதான்.

பூவிழி துர்காவைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். கடைசியாகச் சிவசங்கரியைப் பார்த்தாள். உதடு அந்தக் கேள்வியின் வடிவத்துக்கு வந்து நடுங்கியது. சத்தம் வரவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

சிவசங்கரியால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"நிஜமாத்தான்" என்றாள். "போ."

சொல்லி முடித்த பிறகுதான் அது யார் சொன்ன வார்த்தை என்று உணர்ந்தாள்.

பூவிழி இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள். உட்கார்ந்தாள். நெற்றியை மேசையின் ஓரத்தில் மோதினாள். இன்னொரு முறை மோதினாள். தாமரைச்செல்வி பாய்ந்து தன் கையை நடுவில் வைத்தாள். மூன்றாவது மோதல் கையில் விழுந்தது. மேசையிலிருந்த பேனாத் தாங்கி உருண்டு கீழே விழுந்தது. வாசலில் இருந்த பெண்களில் ஒருத்தி அழ ஆரம்பித்தாள். இராமதாஸ் எழுந்து நின்று, தண்ணி, தண்ணி என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

இருபது நிமிடம் ஆனது. தாமரைச்செல்வி தரையில் உட்கார்ந்து மகளின் தலையை மடியில் வைத்திருந்தாள். நெற்றியில் புடவைத் தலைப்பை அழுத்திப் பிடித்திருந்தாள். ஒரு புள்ளி ரத்தம்தான்.

"டி.சி. எழுதிடுங்க சார்" என்றாள், நிமிர்ந்து பார்க்காமல்.

"கையெழுத்துப் போடாதீங்க" என்றாள் சிவசங்கரி. "மேல எழுதலாம். ஆர்டரே இருக்கு."

"எழுதுங்க டீச்சர். பதில் வர வரைக்கும் இவள யாரு பாத்துக்குவாங்க? ஆர்டரா?"

துர்கா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். எழுத்தர் படிவத்தோடு வந்தார். பெயர், பிறந்த தேதி, வகுப்பு எல்லாம் நிரப்பினார். விலகக் காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது.

"என்ன போடட்டும் சார்?"

"வழக்கமா போடறதுதான்."

அவர் எழுதினார். தாமரைச்செல்வி கையெழுத்துப் போட்டாள். இராமதாஸ் முத்திரை வைத்தார். பிறகு, வெயிலுக்கு முன்னாடி கிளம்புங்க என்றார்.

மூவரும் மணிக்கூண்டு வரை நடந்தார்கள். பஸ் நிறுத்தத்தில் நிழல் இல்லை. தாமரைச்செல்வி போனை எடுத்து சூப்பர்வைசரிடம் பேசினாள். சார், ஆமா சார், புரியுது சார் என்றாள். வைத்துவிட்டாள்.

"நாளைக்கு வேற ஆள் போட்டுக்கறாராம். நல்ல மனுசன். ஒரு வாரமா பொறுத்தாரு."

"மையத்துக்கு..." என்று ஆரம்பித்தாள் சிவசங்கரி. "காலையில நேரம் மாத்தித் தரேன்."

"வேணாம் டீச்சர்."

"அந்தக் கேள்விய நான் திரும்ப..."

"அத குடுத்தீங்க. அப்புறம் எடுத்தீங்க. போதும்." அவள் குரலில் கோபம் இல்லை. "கத்துக்கறா, அதான் பிரச்சன. எது சொன்னாலும் கத்துக்கறா."

பூவிழி அம்மாவின் கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்து எங்கே இருந்தாலும் அவள் படிப்பாள். சத்தமாகப் படித்தாள். பெயர். தந்தை பெயர். ஆறாம் வகுப்பு.

"நடத்தை, நன்று" என்றாள். "விலகக் காரணம், பெற்றோர் விருப்பம்."

அதைப் படித்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். தாமரைச்செல்வி பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூவிழியின் உதடுகள் ஒருமுறை பிரிந்தன. கட்டை விரல் மற்ற விரல்களை ஒரு சுற்று தொட்டு முடித்தது.

"அம்மாவோட விருப்பம்" என்றாள், தனக்குள். "சரி."

அது அப்படி இல்லை என்று சிவசங்கரி சொல்ல வாயெடுத்தாள். எப்படிச் சொல்வது? வழக்கமாகப் போடுவது, எல்லாருக்கும் போடுவது, யாரும் அந்த அர்த்தத்தில் போடுவதில்லை. இதற்கும் ஒரு அட்டை வரையலாம். சொன்னால் பூவிழி நம்புவாள். ஸ்கூலுக்குப் போகலாம் என்று சொன்னதை நம்பினாள். எதைச் சொன்னாலும் நம்புவாள்.

பஸ் வந்தது. கூட்டம் இருந்தது. தாமரைச்செல்வி படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு கையை நீட்டினாள். பூவிழி அந்தக் கையைப் பார்த்தாள். பிடிக்கவில்லை. கம்பியைப் பிடித்துத் தனியாக ஏறி, உள்ளே, அம்மாவிடமிருந்து இரண்டு சீட் தள்ளிப் போய் நின்றாள்.